பப்மெட் தேடல் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

தருமபுரியில் ஒரு கல்லூரி நூலகத்தின் கணினி மேசை என் பொறுப்பு. நர்சிங் மாணவிகள், உணவியல், தாவரவியல் ஆய்வு மாணவர்கள், எப்போதாவது பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவர் என்று வருவார்கள். பெரும்பாலும் தலைப்பு ஒன்றாகத்தான் இருக்கும்: ஃபுளோரைடு. கிணற்று நீரில் உள்ள ஃபுளோரைடால் பழுப்பேறிய பல் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. பல்லையும் எலும்பையும் பாதிக்கும் அந்தக் கோளாறுக்குத்தான் ஃபுளோரோசிஸ் என்று பெயர். பப்மெட்டைத் திறந்து எதையோ தட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் எழுந்து வந்து, "சார், சைட்டு வேலை செய்யல" என்பார்கள். சைட்டு நன்றாகத்தான் இருக்கும், கட்டளை எங்கோ இடறியிருக்கும்.

பப்மெட் என்பது அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1996-ல் தொடங்கிய தரவுதளம். 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். இன்று 3.7 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் அதில் இருக்கிறது. விவரம் என்றால் தலைப்பு, சுருக்கம், ஆசிரியர், நிறுவன முகவரி, பொருள் தலைப்புகள். முழுக் கட்டுரையின் உள்ளே அது தேடாது. இதை மறந்தால் கீழே வரும் பாதிச் சிக்கல் புரியாது.

ஒரு விஷயம். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில், ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஆண்ட் (இரண்டும் இருக்க வேண்டும்), ஆர் (ஏதாவது ஒன்று இருந்தால் போதும்), நாட் (இது வேண்டாம்) மூன்றையும் முழுக்கப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும். சிறிய எழுத்தில் தட்டினால் சாதாரணச் சொல்லாக நினைத்து விட்டுவிடக்கூடும்.

எந்தக் கோளாறானாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம்

தேடல் பெட்டிக்குக் கீழே ‘அட்வான்ஸ்டு’ என்று ஓர் இணைப்பு இருக்கிறது. அந்தப் பக்கத்தின் அடியில் நீங்கள் அதுவரை தேடியவை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வரியிலும் ‘டீட்டெயில்ஸ்’ என்ற கட்டத்தில் சின்ன அம்புக்குறி. அதைத் திறந்தால், நீங்கள் தட்டியதைப் பப்மெட் எப்படி எடுத்துக்கொண்டது என்று முழுவதும் விரியும். நீங்கள் ஃபுளோரைடு என்று ஒரே சொல்தான் தட்டியிருப்பீர்கள். அங்கே பன்மை வடிவம், ஒத்த சொற்கள், மெஷ் என்ற பொருள் தலைப்பு எல்லாம் சேர்ந்து நாலு வரிக்கு நீண்டிருக்கும். (பழைய நூலகங்களில் அட்டைப் பெட்டியில் பொருள் தலைப்பு போட்டு வைப்பார்களே, மெஷ் அந்த மாதிரிதான்.) சில சமயம் நீங்கள் தட்டிய சொல் ஒன்று அங்கே இருக்கவே இருக்காது. சில சமயம் ஆண்ட் நிற்க வேண்டிய இடத்தில் ஆர் நிற்கும்.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "டீட்டெயில்ஸ் பார்த்தியாப்பா?" என்பதுதான். பார்த்திருக்க மாட்டார்கள்.

அறிகுறி: ஒன்றுமே வரவில்லை, அல்லது நாலைந்துதான் வருகிறது

முதல் சந்தேகம் எழுத்துப்பிழை. ஃபுளோரைடு என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது எஃப், எல் அடுத்து ஓ வருமா, யு வருமா என்று எல்லோருக்கும் தடுமாற்றம். யு முதலில், ஓ பிறகு. மாற்றிப் போட்டால் மாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆகிவிடும். அச்சான கட்டுரைகளிலேயே இந்தப் பிழை உண்டு. அதனால் முழுமையான தேடல் வேண்டுபவர்கள் பிழையான வடிவத்தையும் ஆர் போட்டுச் சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை.

இரண்டாவது, வடிகட்டி. இடப்பக்கம் நேற்று ‘ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்’ என்றோ, ஐந்து ஆண்டு என்றோ டிக் போட்டிருப்பீர்கள். புதிய தேடல் போட்டாலும் அந்த டிக் போகாது, நீங்களே எடுக்கும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். பொதுக் கணினியில் உட்கார்ந்தால் உங்களுக்கு முன்னால் இருந்தவர் போட்ட வடிகட்டி உங்கள் தலையில் விடியும். முடிவுகளுக்கு மேலே ‘ஃபில்டர்ஸ் அப்ளைடு’ என்று ஒரு வரி தெரிந்தால், அதன் அருகே உள்ள ‘கிளியர் ஆல்’-ஐ அழுத்திவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

மூன்றாவது, ஆய்வுத் தலைப்பை அப்படியே முழு வாக்கியமாகத் தட்டுவது. "தருமபுரி மாவட்டப் பள்ளிக் குழந்தைகளிடையே ஃபுளோரோசிஸ் பரவலும் விழிப்புணர்வும்" என்று ஆங்கிலத்தில் தட்டினால், ஒவ்வொரு கருத்துக்கும் நடுவே பப்மெட் தானாக ஆண்ட் போட்டுக்கொள்ளும். எல்லாமே ஒரே கட்டுரையில் இருந்தால்தான் முடிவு வரும். விழிப்புணர்வு, பரவல் போன்ற சொற்களை முதலில் தூக்கிவிடுங்கள். நோய், இடம், இந்த இரண்டு போதும் தொடங்க.

நான்காவதுதான் நம் ஊர்க்காரர்களுக்கென்றே இருக்கும் சிக்கல், ஊர்ப்பெயர். அரூருக்கு முன்னால் எச் உண்டா இல்லையா? ஊர்ப் பலகைக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தேன்கனிக்கோட்டை சிலருக்கு டி-யில் தொடங்குகிறது, சிலருக்கு டி, எச்-இல். பாலக்கோடு கே-யோடும் வரும், சி-யோடும் வரும். பென்னாகரத்தில் நடுவில் இருக்கும் ஏ சில இடங்களில் காணாமல் போகும். ஒகேனக்கலை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணினால் அருவியில் குளித்துவிட்டே வந்துவிடலாம். தமிழ்நாடு என்பதே ஒரு சொல்லாகவும் வரும், இரு சொல்லாகவும் வரும். தெரிந்த எழுத்து வடிவங்கள் எல்லாவற்றையும் ஒரே அடைப்புக்குறிக்குள் ஆர் போட்டு வையுங்கள். ஒருமுறை எழுதி ஒரு கோப்பில் சேமித்தால் மூன்றாண்டு ஆய்வுக்கும் அதுவே உதவும்.

எழுத்து சரியாக இருந்தாலும் மாவட்டமே மாறியிருக்கலாம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முன் ஓசூரில், ஊத்தங்கரையில், பர்கூரில் நடந்த ஆய்வு எல்லாம் ‘தருமபுரி மாவட்டம்’ என்றுதான் பதிவாகியிருக்கும். தருமபுரியே 1965 அக்டோபர் 2-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆகவே கிருஷ்ணகிரி பற்றிப் பழையது முதல் தேட நினைப்பவர் இப்படிப் போட வேண்டும்:

(கிருஷ்ணகிரி ஆர் தருமபுரி ஆர் "சேலம் டிஸ்ட்ரிக்ட்") ஆண்ட் (ஃபுளோரோசிஸ் ஆர் ஃபுளோரைடு)

சேலத்தை மட்டும் ஏன் மாவட்டம் என்ற சொல்லோடு மேற்கோளுக்குள் போட்டேன் என்பது இரண்டு அறிகுறிகள் தள்ளி வரும். இன்னொன்று: 1975-க்கு முந்தைய கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் சுருக்கம் பப்மெட்டில் இருக்காது, தலைப்பு மட்டும்தான். தலைப்பில் ஊர் இல்லையென்றால் நீங்கள் என்ன எழுத்துக் கூட்டினாலும் அது மாட்டாது. அந்தக் காலத்துக் கட்டுரைகளுக்கு ஊர்ப்பெயரை விட்டுவிட்டு ‘இந்தியா’ என்று மட்டும் போட்டு, கண்ணால் தேடுவதுதான் வழி.

அறிகுறி: ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது

ஒரு மாணவி தட்டியிருந்தது இது:

தருமபுரி ஆண்ட் ஃபுளோரோசிஸ் ஆர் ஃபுளோரைடு

உலகத்தில் ஃபுளோரைடு பற்றி வந்த அத்தனையும் வந்துவிட்டது, பற்பசை உட்பட. பப்மெட் இடமிருந்து வலமாகவே கணக்குப் போடும். முதலில் தருமபுரியும் ஃபுளோரோசிஸும் சேர்ந்தவற்றை எடுத்தது. பிறகு ஆர் வந்ததும், ‘அல்லது ஃபுளோரைடு என்று எங்கே இருந்தாலும் சரி’ என்று எடுத்துக்கொண்டது. அதே சொற்களை இடம் மாற்றி,

ஃபுளோரோசிஸ் ஆர் ஃபுளோரைடு ஆண்ட் தருமபுரி

என்று போட்டால் சரியான விடை வந்துவிடும். இது தற்செயல்தான். இதே வரியை வெப் ஆஃப் சயன்ஸ் என்ற வேறொரு தரவுதளத்தில் ஒட்டினால் மறுபடி வெள்ளம்தான். ஏனென்றால் அங்கே ஆண்ட் முதலில், ஆர் பிறகு. நம் பள்ளிக் கணக்கில் பெருக்கலை முதலில் செய்துவிட்டுக் கூட்டலுக்குப் போவோமே, அந்த மாதிரி. வரிசையை நம்பாமல் ஆர் வரும் கூட்டத்தை எப்போதும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். திறந்த அடைப்புக்குறியும் மூடிய அடைப்புக்குறியும் எண்ணிக்கையில் ஒத்துப்போகிறதா என்றும் எண்ணுங்கள். நீளமான கட்டளையில் ஒன்று விட்டுப்போவது சகஜம்.

அடைப்புக்குறி சரியாக இருந்தும் கொட்டினால், நட்சத்திரக் குறியைச் சந்தேகியுங்கள்.

அறிகுறி: நட்சத்திரம் போட்டதும் தேடல் தறிகெட்டுப் போகிறது

சொல்லின் வேரை எழுதி நட்சத்திரம் போட்டால் அதில் தொடங்கும் எல்லாச் சொல்லும் வரும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உண்மைதான். அதனாலேயே ஆபத்து. ஃபுளோர்* என்று போட்ட ஒருவருக்கு ஃபுளோரசென்ஸ் நுண்ணோக்கி முழுவதும் வந்தது. கொஞ்சம் நீட்டி ஃபுளோரோ* என்றார். ஃபுளோரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்தும், ஃபுளோரோகுவினலோன் ஆன்டிபயாட்டிக்குகளும் வந்து நின்றன. சரி, ஃபுளோரோஸ்* போட்டால்? ஆங்கிலத்தில் ஃபுளோரோஸ்கோப்பியும் அதே எழுத்துகளில்தான் தொடங்குகிறது. எலும்பு முறிவு அறுவை சிகிச்சைக் கட்டுரைகள் வரிசை கட்டிவிட்டன.

இந்தத் தலைப்புக்கு நட்சத்திரமே வேண்டாம். ஃபுளோரோசிஸ் ஆர் ஃபுளோரோட்டிக் ஆர் ஃபுளோரோஸ்டு என்று மூன்று சொல்லை எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

நட்சத்திரத்துக்கு இன்னொரு பக்கவிளைவு உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. நட்சத்திரம் போட்ட சொல்லுக்குப் பப்மெட் தானாகச் செய்யும் விரிவாக்கத்தை நிறுத்திவிடும். மெஷ் தலைப்பு சேராது, ஒத்த சொல் சேராது. மேற்கோள் குறிக்குள் போட்டாலும், புல அடையாளம் (தலைப்பிலா, முகவரியிலா, எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் குறி) போட்டாலும் அதேதான். அதனால்தான் சிலருக்கு நட்சத்திரம் போட்டதும் எண்ணிக்கை கூடுவதற்குப் பதில் குறைகிறது. நட்சத்திரத்துக்கு முன் குறைந்தது நான்கு எழுத்தாவது வேண்டும் என்பதும் விதி. 600 சொல் வடிவங்களுக்கு மேல் எடுக்காது என்று சில பழைய கையேடுகளில் இருக்கும். அது பழைய பப்மெட்டின் வரம்பு, இப்போது கிடையாது.

அறிகுறி: சம்பந்தமே இல்லாதவை வருகின்றன

இந்த அறிகுறிக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பது. காரணங்களும் சுவாரசியமானவை.

சேலத்திலிருந்து தொடங்குகிறேன். வெறுமனே சேலம் என்று தட்டினால் பப்மெட் எல்லாப் புலத்திலும் தேடும், நிறுவன முகவரியிலும் தேடும். அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் வின்ஸ்டன்-சேலம் என்று ஒரு நகரம், அங்கே பெரிய மருத்துவக் கல்லூரி. அவர்கள் எழுதிய இதய நோய், சர்க்கரை நோய்க் கட்டுரைகள் அனைத்தும் வரும். ஆரிகனின் தலைநகரும் சேலம், மாசசூசெட்சிலும் ஒரு சேலம். போதாததற்கு அரபு நாடுகளில் சேலம் ஆள்பெயர். இதற்காகத்தான் மேலே ‘சேலம் டிஸ்ட்ரிக்ட்’ என்று மேற்கோளுக்குள் கட்டிப்போட்டேன்.

தருமபுரிக்கும் இரட்டை உண்டு. தெலங்கானாவில் கோதாவரிக் கரையில், நரசிம்மர் கோயில் உள்ள தர்மபுரி. அதிகம் தொந்தரவு தராது. ஆனால் சந்தேகமாக ஒரு கட்டுரை வந்தால் சுருக்கத்தில் மாநிலப் பெயரைப் பாருங்கள்.

தருமபுரி என்று மட்டும் போட்டால் வரும் வேறொரு குழப்பம்: இங்கே 2008-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கே பணிபுரிபவர்கள் எதைப் பற்றி எழுதினாலும், பாம்புக்கடியோ பிரசவமோ, முகவரியில் தருமபுரி இருப்பதால் அது உங்கள் பட்டியலில் ஏறும். ஆய்வு நடந்த இடம் தருமபுரி என்பதுதான் உங்களுக்கு வேண்டுமென்றால் புல அடையாளம் போடுங்கள். தலைப்பிலும் சுருக்கத்திலும் ஆசிரியர் தந்த குறிச்சொற்களிலும் மட்டும் தேடச் சொல்லும் அடையாளம் சதுர அடைப்புக்குள் நான்கு எழுத்து:

தருமபுரி[டிஐஏபி] ஆண்ட் (ஃபுளோரோசிஸ் ஆர் ஃபுளோரைடு)

இதே இடத்தில் [ஏடி] போட்டால் முகவரியில் மட்டும் தேடும். எந்தப் பக்கத்துக்கும் நட்டம் உண்டு. சுருக்கத்தில் ‘தென்னிந்தியாவின் ஒரு மாவட்டம்’ என்று மட்டும் எழுதியவர்களின் கட்டுரை டிஐஏபி-யில் தப்பிவிடும். முகவரித் தேடலிலும் ஒரு கண்ணி: 2014-க்கு முன் முதல் ஆசிரியரின் முகவரியை மட்டுமே பதிந்துவந்தார்கள். இரண்டாவது ஆசிரியர் நம் ஊர்க்காரராக இருந்தால் பழைய கட்டுரையில் தெரியாது.

அடுத்து பயிர்கள். கேழ்வரகு நம் இரண்டு மாவட்டங்களிலும் சோறு. ராகி என்று தட்டினால் இந்தோனேசியாவில் புளிக்கவைக்கும் ஈஸ்ட் வில்லைக்கும் அதே பெயர் என்பது தெரியவரும். மரவள்ளியையும் அரிசியையும் புளிக்கவைக்கும் கட்டுரைகள் வந்து விழும். ஃபிங்கர் மில்லட், எலூசைன் கோராகானா என்ற அறிவியல் பெயர், இரண்டையும் ஆர் போட்டுச் சேருங்கள். ராகியைத் தனியே விடாதீர்கள்.

கொள்ளு இன்னும் மோசம். இன்றைய அறிவியல் பெயர் மேக்ரோடைலோமா யூனிஃபுளோரம். பழைய கட்டுரைகளில் டோலிக்கோஸ் பைஃபுளோரஸ். பழையதையும் விடக்கூடாது என்று ஒரு ஆய்வு மாணவர் அந்தப் பெயரையும் சேர்த்தார். முழுக்க ரத்த வகை, செல் மேற்பரப்பு, சிறுநீரகக் குழாய் என்று வந்தது. பயந்துபோய், "அண்ணா, ஏதோ ரத்த வங்கி டேட்டாபேஸ் திறந்துடுச்சு" என்றார். கொள்ளு விதையிலிருந்து எடுக்கும் லெக்டின் என்ற புரதம் ஏ1 ரத்த வகையைப் பிரித்தறியவும், திசுக்களைச் சாயமிட்டுப் பார்க்கவும் உலகமெங்கும் ஆய்வகங்களில் பயன்படுகிறது. நாம் ரசம் வைக்கிறோம், அவர்கள் ரத்தம் பார்க்கிறார்கள். இங்கே நாட் கட்டளை பொருத்தமாக வேலை செய்யும்: பழைய பெயருக்குப் பின்னால் நாட் (லெக்டின் ஆர் அக்ளூட்டினின்). அடைப்புக்குறியோடு.

கிருஷ்ணகிரி மாம்பழம் பற்றித் தேடுகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறான கஷ்டம். நாம் பெங்களூரா என்போம், கிளிமூக்கு என்போம். கட்டுரைகளில் தோத்தாபுரி என்று இருக்கும், சில இடங்களில் கலெக்டர் என்றும். கலெக்டரை மட்டும் தனியாகத் தேடிவிடாதீர்கள்.

அறிகுறி: கையில் இருக்கும் கட்டுரையே தேடலில் வரவில்லை

இது உண்மையில் நல்ல சோதனை. உங்கள் வழிகாட்டி கொடுத்த கட்டுரை ஒன்று கையில் இருக்கும். உங்கள் கட்டளை அதைப் பிடிக்கவில்லை என்றால் வேறு பலவற்றையும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். முதலில் அந்தக் கட்டுரையின் முழுத் தலைப்பை மட்டும் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அந்த இதழ் பப்மெட்டிலேயே இல்லை. நிலத்தடி நீர், மண், வேளாண்மை இதழ்கள் பலவும் அப்படித்தான். தலைப்பைப் போட்டால் வருகிறது, கட்டளைக்கு வரவில்லை என்றால் கோளாறு கட்டளையில்.

பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, மெஷ் அடையாளத்தை மட்டும் நம்பியது. ‘ஃபுளோரோசிஸ், டென்ட்டல்’ என்ற மெஷ் தலைப்பு அருமையானது, வேறு சொல்லில் எழுதியவர்களையும் பிடித்துத் தரும். ஆனால் பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் தலைப்பு போடப்படுவதில்லை. ஆகவே மெஷ்ஷையும் டிஐஏபி-யையும் ஆர் போட்டு இணைக்க வேண்டும்:

"ஃபுளோரோசிஸ், டென்ட்டல்"[எம்எச்] ஆர் ஃபுளோரோசிஸ்[டிஐஏபி]

‘ஹ்யூமன்ஸ்’ என்ற வடிகட்டியும், வயது வடிகட்டியும் உள்ளே மெஷ்ஷைத்தான் பயன்படுத்துகின்றன. அவற்றைப் போட்டால் மெஷ் இல்லாத கட்டுரைகள் சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

இரண்டு, நாட். பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருவருக்கு எலும்பைப் பாதிக்கும் ஃபுளோரோசிஸ் மட்டும் வேண்டும். நாட் டென்ட்டல் என்று போட்டுவிட்டார். பல்லையும் எலும்பையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரைகள் எல்லாம், அவருக்கு மிகவும் வேண்டியவை, வெளியே போய்விட்டன. கொள்ளுக்கு உதவிய நாட் இங்கே காலை வாரியது. வேண்டாததை நீக்குவதைவிட வேண்டியதை ஆண்ட் போட்டுக் கேட்பது நல்லது: ஆண்ட் ஸ்கெலிட்டல்.

மூன்று, ஆண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள், 2013-ல் தண்ணீர் வந்தது. ‘தண்ணீர் வருவதற்கு முன், வந்த பின்’ என்று ஒப்பிட விரும்பும் எல்லோரும் 2008:2013[டிபி] என்று போடுகிறார்கள். டிபி என்பது வெளியான தேதி. 2011-ல் பல்லைப் பரிசோதித்து 2015-ல் அச்சேறிய கட்டுரை இதில் மாட்டாது. பின்பக்கம் மூன்று நான்கு ஆண்டு தாராளமாக விட்டு எடுங்கள், ஆய்வு நடந்த ஆண்டைச் சுருக்கத்தில் படித்துப் பிரியுங்கள்.

அறிகுறி: மேற்கோள் குறி போட்டால் எதுவும் மாறவில்லை

"ஃபுளோரைடு இன் க்ரவுண்ட்வாட்டர் ஆஃப் தருமபுரி" என்று நீளமாக மேற்கோளுக்குள் போட்டால், அந்தச் சொற்றொடர் தன் அட்டவணையில் இல்லை என்று பப்மெட் மேலே ஒரு வரி காட்டிவிட்டு, சொற்களைத் தனித்தனியாகத் தேடிவிடும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. சொற்கள் அருகருகே வந்தால் போதும் என்று கேட்க 2022 இறுதியில் ஒரு வசதி வந்தது:

"க்ரவுண்ட்வாட்டர் ஃபுளோரைடு"[டிஐஏபி:~4]

இரண்டு சொல்லுக்கும் நடுவே நான்கு சொல்வரை இருக்கலாம், முன்பின் மாறியும் இருக்கலாம். இதில் நட்சத்திரம் சேர்க்க முடியாது. க்ரவுண்ட்வாட்டரை இரு சொல்லாகப் பிரித்து எழுதுபவர்களுக்காக இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கோள் தொடர்பான மற்றொரு தொல்லை, வேர்டிலிருந்தோ கைபேசியிலிருந்தோ நகலெடுத்து ஒட்டுவது. அங்கே மேற்கோள் குறி வளைந்து மாறியிருக்கும். சில தரவுதளங்கள் பொறுத்துக்கொள்ளும், சில முறைக்கும். கட்டளைகளை நோட்பேடில் எழுதி வையுங்கள். கைபேசியில் தானாகச் சொல் திருத்தும் வசதி டிஐஏபி-யை என்னவாகவோ மாற்றிவிடும், அதையும் கவனியுங்கள்.

அறிகுறி: ஆசிரியர் பெயரைப் போட்டால் ஆளே இல்லை, அல்லது ஊரே வருகிறது

பப்மெட் குடும்பப்பெயர், பிறகு முன்னெழுத்து என்று கேட்கிறது. நமக்குக் குடும்பப்பெயரே கிடையாது. ஆர். செல்வி என்பவர் முதல் கட்டுரையில் செல்வி ஆர் என்று பதிவாவார். அடுத்த இதழின் படிவம் ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்று அடம்பிடிக்கும். அப்பா பெயர் ராமசாமியை அங்கே போடுவார். இப்போது அவர் ராமசாமி எஸ். தேடுகிறவருக்கு இவர்கள் இரண்டு பேர். செந்தில்குமாரைச் சேர்த்து எழுதினால் செந்தில்குமார், பிரித்து எழுதினால் குமார் எஸ். குமார் எஸ் என்று தேடினால் இந்தியாவே வரிசையில் நிற்கும்.

செய்ய வேண்டியது: சாத்தியமான எல்லா வடிவத்தையும் ஆர் போட்டு அடைப்புக்குறிக்குள் வைத்து, பொருளை ஆண்ட் போட்டு இறுக்குங்கள்.

(செல்வி ஆர்[ஏயு] ஆர் ராமசாமி எஸ்[ஏயு]) ஆண்ட் ஃபுளோரோசிஸ்

முதல் ‘ஆர்’ முன்னெழுத்து, இரண்டாவது கட்டளை. தமிழில் எழுதுவதால் வந்த வினை, ஆங்கிலத்தில் தட்டும்போது குழப்பம் வராது. செல்வி ஆர் என்று போட்டால் ஆர்.கே., ஆர்.எம். எல்லோரும் சேர்ந்தே வருவார்கள். அது வேண்டாமென்றால் பெயரை மேற்கோளுக்குள் போடுங்கள். முழுப்பெயர் கொண்டு தேடுவது 2002-க்குப் பிந்தைய கட்டுரைகளுக்குத்தான் பலிக்கும். ஆசிரியரின் ஆர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தரப்படும் தனி அடையாள எண்) தெரிந்தால் [ஏயுஐடி] அடையாளத்தோடு போடலாம், பெயர்க் குழப்பம் முழுவதும் தீரும். ஆய்வு தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, முதல் கட்டுரையிலேயே பெயர் வடிவத்தை முடிவுசெய்து ஆர்கிட் எண் வாங்கிவிடுங்கள் என்பது. இலவசம், பத்து நிமிட வேலை.

அறிகுறி: நேற்றுப் போட்ட தேடலைக் காணோம்

எட்டு மணி நேரம் சும்மா விட்டால் தேடல் வரலாறு அழிந்துவிடும். மாலை ஐந்து மணிக்குப் பேருந்து பிடிக்க ஓடியவர்களுக்குக் காலையில் ஒன்றும் இருக்காது. பப்மெட் கணக்கு ஒன்று தொடங்கி, தேடல் பெட்டிக்குக் கீழே உள்ள ‘கிரியேட் அலர்ட்’ வழியாகச் சேமியுங்கள். இல்லையென்றால் கட்டளை, தேதி, வந்த எண்ணிக்கை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். முறைசார் மதிப்பாய்வு எழுதுபவர்களிடம் இந்த மூன்றையும் எப்படியும் கேட்பார்கள்.

அறிகுறி: பப்மெட்டில் ஓடிய கட்டளை வேறு இடத்தில் ஓடவில்லை

ஓடாது. ஸ்கோபஸ் என்ற தரவுதளத்தில் நாட் தனியாக வராது, ஆண்ட் நாட் என்று சேர்த்துப் போட வேண்டும். அருகமைத் தேடல் அங்கே டபிள்யூ சாய்கோடு எண், வெப் ஆஃப் சயன்ஸில் நியர் சாய்கோடு எண். கூகுள் ஸ்காலரில் நட்சத்திரம் போட்டுச் சொல்லை நீட்ட முடியாது, கட்டளை 256 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, எவ்வளவு வந்ததாகச் சொன்னாலும் முதல் ஆயிரத்தைத்தான் காட்டும். ஆனால் அது முழுக் கட்டுரையின் உள்ளேயும் தேடுகிறது. சுருக்கத்தில் ஊர்ப்பெயர் எழுதாதவர்களை அங்கேதான் பிடிக்க முடியும்.

அறிகுறி: எல்லாம் சரி, கட்டுரை திறக்கவில்லை

பணம் கேட்கும் பக்கம் வந்தால் முதலில் ‘ஃப்ரீ பிஎம்சி ஆர்ட்டிகிள்’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள் ‘ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்’ வழியாக முயலலாம். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அதில் உண்டு. உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று உங்கள் நூலகரிடம் கேளுங்கள். தனியார் கல்லூரி என்றால் அது கிடையாது. கட்டுரையில் தொடர்பு ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும், நாலு வரி மரியாதையாக எழுதினால் பலர் அனுப்பிவிடுவார்கள்.

இவ்வளவு பார்த்தும் தருமபுரி பற்றி நீங்கள் தேடியது கிடைக்கவில்லை என்றால், அது ஆய்வேடாக மட்டும் இருக்கலாம். நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில், வேளாண்மை சார்ந்தவை கிருஷிகோஷ் என்ற களஞ்சியத்தில். அங்கே அடைப்புக்குறி, சதுர அடையாளம் எதுவும் வேண்டாம், ஊர்ப்பெயரை மட்டும் தட்டுங்கள். அரூருக்கு எச் போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை.